450 ஹெலிக்கு ஸ்கேல் பாடி: கைரோ வாங்கும் முன் மோட்டாரைப் பாருங்கள்

ஜூன் 8, 2024 – கேள்வி

என்னுடையது ரேடியோவில் ஓட்டும் 450 அளவு மாடல் ஹெலிகாப்டர், வால் ரோட்டரை ஓட்டுவது பெல்ட், ஃப்ளைபார் (ரோட்டரை நிலைப்படுத்தும் குறுக்குத்தடி) இல்லாத ஹெட். 3எஸ் (மூன்று செல்) 2200 லிப்போ பேட்டரி, 3500 கேவி மோட்டார் (வோல்ட்டுக்கு நிமிடத்தில் 3500 சுற்று), அதன் முனையில் 13 பல் பினியன் (சின்னக் கியர்). ஹியூஸ் 500 என்ற நிஜ ஹெலிகாப்டரின் வடிவில் ஃபைபர் பாடி ஒன்று கிடைத்தது, மாட்டிவிட்டேன். பாடி இல்லாமல் பறந்தபோது ஹோவரில் (ஒரே இடத்தில் மிதக்கும்போது) அசையாமல் நின்றது. இப்போது உடம்பு முழுக்க நடுங்குகிறது, டெயிலும் இப்படி அப்படி ஆடுகிறது. நல்ல கைரோ (ஹெலி திரும்புவதை உணர்ந்து டெயிலைத் திருத்தும் கருவி) போட்டால் சரியாகிவிடும் என்கிறார்கள். எது வாங்கலாம் அண்ணா?

ஜூன் 8, இரவு

கைரோ வாங்காதே தம்பி. காசைப் பத்திரமாக வை. உன் ஹெலி அளவுக்கு மீறி வேகமாகச் சுற்றுகிறது. நோய் அதுதான். டெயில் ஆடுவது அதன் அறிகுறி.

கணக்குப் போட்டுப் பார். 3எஸ் என்றால் 11.1 வோல்ட். அதை 3500 கேவியால் பெருக்கினால் நிமிடத்துக்கு 38,850 சுற்று. மெயின் கியர் 150 பல், உன் பினியன் 13 பல். அப்படியானால் ரோட்டர் 3,367. சுமை ஏறியதும் 15 சதவீதம் கழியும் என்று வைத்துக்கொள், சுமார் 2,860. வெறும் சட்டத்தை வைத்துத் தலைகீழாகக் கவிழ்த்து விளையாடுகிறவனுக்கு அது நல்ல வேகம். பாடி போட்ட ஹெலிக்கு அது தண்டனை. விநாடிக்கு 48 சுற்று, இரண்டு பிளேடு என்பதால் விநாடிக்கு 95 உதைக்கு மேல். மெல்லிய ஃபைபர் ஓடு அத்தனையையும் வாங்கிக்கொண்டு அதிரும், அந்த அதிர்வு சட்டம் வழியாகக் கைரோவுக்குப் போகும். ஹெலி திரும்புகிறது என்று நினைத்துக் கைரோ டெயிலைத் திருத்தும். நீ எவ்வளவு விலை கொடுத்து வாங்கினாலும் புதுக் கைரோவும் அதே அதிர்வைத்தான் படிக்கப் போகிறது.

முதல் வேலை, 13 பல்லை எடுத்துவிட்டு 11 பல் பினியன் போடு. ரோட்டர் வேகம் 2,400 பக்கம் வந்துவிடும். செலவு என்று சொல்லும்படி ஒன்றுமில்லை.

ஜூன் 9

இன்னும் கீழே போக 9 பல் பினியன் போடலாமா என்று ஒருவர் கேட்டிருக்கிறார். இந்தக் கியர் 0.5 மாட்யூல் (பல்லின் அளவு). 9 பல்லுக்குப் பல்லின் அடிவிட்டம் 3.25 மி.மீ. வரும். மோட்டார் ஷாஃப்ட் 3.17 மி.மீ. துளை போட்ட பிறகு உலோகமே மிஞ்சாது. மெல்லிய ஷாஃப்ட் மோட்டாருக்குத்தான் அது ஆகும். 11-க்குக் கீழே போக வேண்டுமென்றால் பினியனோடு மல்லுக்கட்டாமல் மோட்டாரை மாற்றுங்கள்.

நான் போடுவது 2800 கேவி. 13 பல்லோடு சுமார் 2,290, 11 பல்லோடு சுமார் 1,940. ஒரு மோட்டார், இரண்டு பினியன், இரண்டு குணம்.

3500 கேவியையே வைத்துக்கொண்டு த்ராட்டிலை 60 சதவீதத்தில் பிடித்தால் போதாதா என்றால், பறக்கும். ஆனால் பாதித் த்ராட்டிலில் இஎஸ்சி (மோட்டார் வேகத்தைக் கட்டுப்படுத்தும் சர்க்யூட்) அதிகம் சுடும். வெளியில் காற்றுபட இருந்தவரை அது தெரியாது. பாடிக்குள் மூடிவைத்தால் தெரியும். கவர்னர் முறையில் (சுற்றை மாறாமல் பிடிக்கும் அமைப்பு) 80 சதவீதத்துக்கு மேல் ஓடும்படி மோட்டாரைத் தேர்ந்தெடுப்பதுதான் நிம்மதி.

ஜூன் 9, மாலை

இன்னொன்று, காசே இல்லாத வேலை. பாடி சட்டத்தை எங்கெங்கே தொடுகிறது என்று பார்த்தாயா? ரப்பர் வளையம் வைத்து நான்கு இடத்தில் பிடித்திருக்க வேண்டும், வேறெங்கும் படக்கூடாது. மெயின் ஷாஃப்ட் வெளியே வரும் ஓட்டை, டெயில் பூம் (வால் குழாய்) நுழையும் கழுத்து, சர்வோ (கட்டுப்பாட்டுக் கம்பிகளை அசைக்கும் குட்டி மோட்டார்) கைகள் ஆடும் பக்கச்சுவர், இந்த மூன்றும்தான் வழக்கமான இடங்கள். உள்பக்கம் சாக்பீஸ் தூளைத் தடவிப் பிளேடைக் கழற்றிவிட்டு மோட்டாரைக் கொஞ்சம் ஓடவிடு. தூள் அழிந்த இடத்தில் அரம் போடு.

ஜூன் 16

என் பெஞ்சில் இருப்பது ஹியூஸ் இல்லை, சேத்தக். கடையில் கிடைக்கிற பாடி இல்லை. வரைபடத்திலிருந்து அளவெடுத்து 3டி பிரிண்டரில் துண்டு துண்டாக அச்சிட்டு ஒட்டியது.

ஏன் சேத்தக்? அரக்கோணத்தில் ஐஎன்எஸ் ராஜாளிக்குப் பக்கத்து ஊர்களில் இருந்தவர்களிடம் கேளுங்கள். கடற்படை ஹெலிகாப்டர் விமானிகள் அங்கே சேத்தக்கில்தான் பயிற்சி எடுப்பார்கள். எஞ்சினுக்கு மூடியே கிடையாது. ரோட்டருக்குப் பின்னால் முதுகில் திறந்தபடி இருக்கும். பிரான்சில் 1959-இல் முதலில் பறந்த அலுவெட் 3-தான் இது. உரிமம் வாங்கி எச்ஏஎல் (ஹிந்துஸ்தான் ஏரோநாட்டிக்ஸ்) இங்கே கட்டியது. முன்பக்கம் முழுக்கக் கண்ணாடி, மூன்று சக்கரம், மூன்று பிளேடு.

மாடல்காரனுக்கு இதில் இன்னொரு வசதி. பிரெஞ்சு ரோட்டர் மேலிருந்து பார்த்தால் வலஞ்சுழி. நம் 450-யும் வலஞ்சுழி. அமெரிக்க ஹியூஸ் 500 இடஞ்சுழி. உன் பாடிக்கு மேலே ரோட்டர் தலைகீழ்த் திசையில் ஓடிக்கொண்டிருக்கிறது தம்பி. யாரும் கவனிக்க மாட்டார்கள். நான் கவனிப்பேன்.

அளவு: நிஜ ரோட்டரின் விட்டம் 11.02 மீட்டர். 325 மி.மீ. பிளேடு போட்ட 450-இன் ரோட்டர் சுமார் 70 செ.மீ. கிட்டத்தட்ட 16-இல் ஒரு பங்கு. 10 மீட்டர் உடம்பு 64 செ.மீ. ஆகிறது. நிஜ ரோட்டர் நிமிடத்துக்குச் சுமார் 350 சுற்று. அந்த வேகத்தில் நம்முடையது தரையை விட்டு எழாது. 1,900 பக்கம் வந்தால் மூன்று பிளேடும் தனித்தனியாகச் சுற்றுகிற தோற்றம் கிடைக்கும், சத்தமும் விசில் நின்று தடதடக்கும். ஸ்கேல் என்றால் எனக்குப் பாதி அதுதான். பெயின்ட் மீதிப் பாதி.

ஜூன் 23

டெயில். இதை யாரும் முதலில் சொல்லித்தருவதில்லை, எனவே கொஞ்சம் நீட்டிச் சொல்கிறேன்.

இந்த வகை 450-இல் டெயில் ரோட்டர் மெயின் ரோட்டரைப்போல 4.24 மடங்கு வேகத்தில் ஓடும். மெயின் 2,860 என்றால் டெயில் 12,100-க்கு மேல். மெயினை 1,940-க்கு இறக்கினால் டெயிலும் 8,200-க்கு இறங்கிவிடும். தள்ளும் விசை வேகத்தின் வர்க்கத்தோடு போகிறது, ஆகவே அதே பிட்சில் (பிளேடின் சாய்வுக் கோணம்) பாதிகூட மிஞ்சாது. அந்தப் பக்கம், எடையைத் தூக்க மோட்டார் கொடுக்கும் சக்தி பெரிதாகக் குறையவில்லை. குறைந்த சுற்றில் அதே சக்தி என்றால் திருகுவிசை கூடுகிறது. உடம்பைத் திருப்பப் பார்க்கும் விசை ஏறுகிறது, அதைத் தடுக்கிற டெயில் பலம் இறங்குகிறது. சடாரென்று மேலே ஏற்றினால் மூக்கு வழுக்கிக்கொண்டு போவது இதனால்தான். கைரோவின் மேல் பழி போடுகிறார்கள்.

மருந்து: டெயில் பிளேடை நீளமாக்குவது. கொஞ்சம் நீளம் கூடினாலே விசை நிறையக் கூடும். பாடியின் செங்குத்துத் துடுப்பில் உரசாமல் பார்த்துக்கொள்ள வேண்டும். டெயில் பிட்ச் முழு வீச்சும் கிடைக்கிறதா என்று ஸ்லைடரைக் கையால் தள்ளிப் பார்க்கவும். பாடிக்காக நீட்டிய தள்ளுகம்பி வளைந்து கொடுத்தால் எல்லாம் வீண்.

ஸ்கேல் வெறியர்கள் கவனத்துக்கு: நிஜச் சேத்தக்கின் டெயில் ரோட்டர் சுமார் 1.9 மீட்டர். 16-ஆல் வகுத்தால் 12 செ.மீ. 450-இன் டெயில் ரோட்டரே சுமார் 15 செ.மீ. இருக்கும். இந்த இடத்தில் அளவுகோலைத் தூக்கி எறிந்துவிட்டுப் பறக்கிற டெயிலைப் போடுங்கள்.

ஜூன் 24

எடை நடுவு பற்றி ஒரு வரி. என் ஹெலியில் ஷாஃப்டிலிருந்து டெயில் முனை 40 செ.மீ., மூக்கில் பேட்டரி 12 செ.மீ. டெயிலில் 10 கிராம் பட்டி பூசினால் மூக்கில் 33 கிராம் வைக்க வேண்டும். பின்னால் பூசும் ஒவ்வொரு கோட் பெயின்டுக்கும் மூன்று மடங்கு வட்டி. டெயிலை வழுவழுப்பாக்குவதை நான் நிறுத்திவிட்டேன். பத்தடி தள்ளி நின்றால் தெரியாது.

ஜூலை 6

மூன்று பிளேடு ஹெட் அவசியமா? என் பதில், பறக்க அவசியமில்லை. இரண்டு பிளேடிலேயே 2,200–2,300-இல் ஓட்டுங்கள், அழகாகப் பறக்கும். மூன்று பிளேடு ஹெட்டுக்குச் செலவு அதிகம், விழுந்தால் மூன்று பிளேடு போகும், டிராக்கிங் (எல்லாப் பிளேடும் ஒரே மட்டத்தில் ஓடுகிறதா என்று) பார்க்க மூன்று நிறத்தில் டேப் ஒட்ட வேண்டும். அதிர்வு அடங்கட்டும், ஹெட்டைப் பிறகு பார்க்கலாம்.

ஜூலை 21

காற்று. ஆடிக் காற்றில் அம்மியும் பறக்கும் என்பார்கள். அம்மியே பறக்கும்போது நம்முடையதைக் கேட்பானேன்.

கோவைப் பக்கம் இருக்கிறவர்களுக்குத் தெரியும், பாலக்காட்டுக் கணவாய் வழியாக வருகிற காற்று இந்த மாதங்களில் மத்தியானம் நிற்கவே நிற்காது. வெறும் சட்ட ஹெலிக்குள் காற்று புகுந்து போய்விடும். பாடி போட்டதும் பக்கவாட்டில் அகலமான சுவர். மூக்கு தானாகக் காற்றை நோக்கித் திரும்பும். விடிந்து எட்டு மணிக்குள் பறக்க வேண்டும், இல்லையென்றால் ஆவணி வரை பெஞ்சில் பெயின்ட் வேலை பார்க்க வேண்டும்.

கிளம்புமுன் அரசின் டிஜிட்டல் ஸ்கை தளத்தில் வான்வெளி வரைபடத்தைப் பாருங்கள். டிரோன் விதிகள் 2021 நம் விளையாட்டு மாடல்களையும் சேர்த்துத்தான் பேசுகிறது: 25 கிலோவுக்குள், பொழுதுபோக்கு, படிப்பு, ஆராய்ச்சி போன்றவற்றுக்கு மட்டும், கண்ணுக்கு எட்டும் தொலைவில். எங்கள் பக்கம் கோவை விமான நிலையமும் இருக்கிறது, சூலூர் விமானப்படைத் தளமும் இருக்கிறது. விமானப்படையின் சாரங் சாகசக் குழுவின் துருவ் ஹெலிகாப்டர்கள் இருப்பதும் சூலூரில்தான். அவர்கள் வானத்தில் நம் 450-க்கு என்ன வேலை. விமான நிலையச் சுற்றுச்சுவரிலிருந்து 8 முதல் 12 கி.மீ. வரை 200 அடி உயரம் வரை பச்சை மண்டலம். அதற்கு உள்ளே வந்தால் அனுமதி வேண்டும். ஸ்கேல் ஹெலி 30 அடிக்கு மேலே போனால் பெயின்ட் தெரியாது, 200 அடி தாராளம்.

ஜூலை 21, மறுபடி

துருவ் பாடி செய்யலாமே என்று உடனே ஒரு கேள்வி. செய்யலாம். நான்கு பிளேடு, வாலில் இரட்டைத் துடுப்பு. டெயில் எடை பற்றி ஜூன் 24-இல் எழுதியதை ஒருமுறை படித்துவிட்டு ஆரம்பியுங்கள்.

ஆகஸ்ட் 4

மூன்று பிளேடு விஷயத்தில் மனம் மாறிவிட்டது.

தராசில் வைத்த பிறகு வந்த மாற்றம். வெறும் ஹெலி 770 கிராம். பாடி, சக்கரம், விளக்கு, இரண்டு குட்டி பைலட் எல்லாம் சேர்ந்து 1,050. எடை 1.36 மடங்கு. 2,700 சுற்றில் 5 டிகிரி பிட்சில் ஹோவர் ஆன ஹெலியை 1,940-க்கு இறக்கினால் தூக்கும் விசை 0.516 மடங்கு. இரண்டு பிளேடில் இந்தக் கூடிய எடையைத் தூக்க 5 × 1.36 ÷ 0.516, அதாவது 13 டிகிரிக்கு மேல். அந்தக் கோணத்தில் பிளேடு காற்றை அள்ளாது, கிழிக்கும். மூன்று பிளேடென்றால் 9 டிகிரிக்குள் முடிகிறது. தோராயக் கணக்குதான், கீழே இறங்கும் காற்றை இதில் சேர்க்கவில்லை. ஆனாலும் திசை தெளிவாக இருக்கிறது.

ஆகவே ஜூலை 6-இல் சொன்னது 2,200-க்கு மேல் ஓட்டுகிறவர்களுக்குப் பொருந்தும். 1,900 வேண்டும் என்கிறவனுக்கு மூன்று பிளேடு அலங்காரம் இல்லை, தேவை. நான் வாங்கிவிட்டேன். வீட்டில் விலையைக் கேட்டார்கள், பிளேடுக்கு இவ்வளவு என்று தனித்தனியாகப் பிரித்துச் சொன்னேன்.

ஆகஸ்ட் 11

மூன்று பிளேடு ஹெட் மாட்டியதும் வரும் இரண்டு தொல்லை.

முதலாவது, முன்னால் தள்ளினால் முன்னாலும் கொஞ்சம் இடப்பக்கமும் போகும். ரோட்டர் ஒரு கட்டளைக்குக் கிட்டத்தட்டக் கால் சுற்று தள்ளித்தான் பதில் சொல்லும். ஹெட்டின் வடிவமும் டாம்பரின் (ஹெட்டுக்குள் இருக்கும் ரப்பர்) இறுக்கமும் மாறினால் அந்தக் கால் சுற்றும் கொஞ்சம் மாறும். ஃப்ளைபார்லெஸ் யூனிட்டில் (கைரோவும் சேர்ந்த கட்டுப்பாட்டுப் பெட்டி) ஸ்வாஷ் (பிளேடு கோணத்தை மாற்றும் தட்டு) சுழற்சி என்று ஓர் அமைப்பு இருக்கிறதா பாருங்கள், அதில் சில டிகிரி திருப்பினால் நேராகும். இல்லாத யூனிட் என்றால், மன்னிக்கவும், இப்போது கைரோ வாங்க ஒரு காரணம் கிடைத்துவிட்டது.

இரண்டாவது, தரையில் ஆட்டம். கிளப்பும்போது ஒரு குறிப்பிட்ட சுற்றில் ஹெலி பக்கவாட்டில் குலுங்க ஆரம்பிக்கும். பிளேடுகள் முன்பின்னாக விலகி, ரோட்டரின் எடை நடுவு ஒரு பக்கம் போய், அந்தக் குலுக்கல் கால்களின் துள்ளலோடு சேர்ந்துகொள்ளும். நிஜ ஹெலிகாப்டரே இதில் சிதறிப்போயிருக்கிறது. பிளேடு போல்ட்டை லூஸாக விடாதீர்கள். ஹெலியைப் பக்கவாட்டில் சாய்த்தால் பிளேடு தன் எடையில் விழாமல், தட்டினால் மட்டும் நகரும் அளவுக்கு இறுக்குங்கள். இஎஸ்சியில் ஸாஃப்ட் ஸ்டார்ட் இருக்கட்டும், ஆனால் அந்த ஆபத்தான சுற்றில் நின்று வேடிக்கை பார்க்காதீர்கள், கடந்து போங்கள்.

ஆகஸ்ட் 12

சக்கரம் பற்றியும் சொல்லிவிடுகிறேன். சேத்தக்கின் முன்சக்கரம் தானாகத் திரும்புவது. மாடலில் அதையே செய்தால் கிளப்பும்போது திருகுவிசையில் ஹெலி தரையிலேயே வட்டம் போடும். நான் பின்சக்கரம் இரண்டையும் ஒரு துளி பசையில் இறுக்கிவிட்டேன். உருளாத சக்கரம். கேட்டால் பிரேக் போட்டிருக்கிறது என்று சொல்வேன்.

ஆகஸ்ட் 25

3டி அச்சுக்கு என்ன பொருள் என்று பலர் கேட்கிறார்கள். நுரைக்கும் பிஎல்ஏ பிளாஸ்டிக் எடைக்கு ரொம்ப நல்லது, உப்புத்தாளால் தேய்க்கவும் எளிது. ஆனால் பிஎல்ஏ 60 டிகிரி பக்கம் இளகிவிடும். நம் ஊர் வெயிலில் கண்ணாடி ஏற்றி நிறுத்திய காருக்குள் அந்த வெப்பம் சாதாரணம். காரில் வைத்துவிட்டு டீ குடிக்கப் போனால் திரும்பி வரும்போது சேத்தக் பலாக்கொட்டையாகியிருக்கும். மோட்டாருக்கும் இஎஸ்சிக்கும் பக்கத்தில் வரும் துண்டுகளை மட்டும் ஏபிஎஸ்ஸில் அச்சிட்டேன், அது 100 டிகிரி வரை தாங்கும். சேத்தக்கில் எஞ்சின் திறந்தபடி இருப்பது இங்கே கைகொடுக்கிறது: பொம்மை எஞ்சினைக் கூடாக விட்டு அதன் வழியாகச் சூடு வெளியேற வழி செய்யலாம், ஸ்கேலும் கெடாது.

லிப்போவைக் காரில் விடாதீர்கள் என்று தனியாகச் சொல்ல வேண்டுமா?

செப்டம்பர் 8

கேள்வி கேட்ட தம்பி எழுதியிருக்கிறான். 11 பல் போட்டதும் நடுக்கம் முக்கால்வாசி போய்விட்டதாம். சாக்பீஸ் தூளில் பூம் கழுத்து மாட்டிக்கொண்டதாம், அரம் போட்டதும் மீதியும் அடங்கியது. டெயில் கெய்னை (கைரோ எவ்வளவு பலமாகத் திருத்தும் என்ற அளவை) ஏற்ற முடிகிறது என்கிறான். அதுதான் முறை. வேகம் குறையும்போது கெய்ன் கூட வேண்டும், அதிர்வு இருந்தால் கூட்ட இடமே இருக்காது. பழைய கைரோவிலேயே ஓட்டுகிறான்.

இப்போது அவன் கேட்பது, நிஜ ஹியூஸ் 500டி-க்கு ஐந்து பிளேடு, ஐந்து பிளேடு ஹெட் எங்கே கிடைக்கும். பழைய 500சி-க்கு நான்குதான் தம்பி. அதன் படத்தைப் பார்த்துவிட்டு மனதைத் தேற்றிக்கொள். சொன்னால் கேட்க மாட்டாய் என்று தெரியும்.

செப்டம்பர் 9

பெல்ட் டெயிலில் நிலைமின் பற்றி எச்சரித்தவருக்கு: சரிதான். ரப்பர் பெல்ட் பிளாஸ்டிக் புல்லியில் உரசி மின்னேற்றம் சேரும். பூமிலிருந்து சட்டத்துக்குப் பொறி பாய்ந்தால் ரிசீவர் ஒரு கணம் தடுமாறும், சர்வோ துள்ளும். ஈரக்காற்று அடிக்கும் சென்னையில் இது குறைவு. வறண்ட காற்று ஊர்களில் வரும். பூமின் பெயின்ட்டைக் கொஞ்சம் சுரண்டி, ஒரு மெல்லிய கம்பியால் மோட்டார் தாங்கியோடு இணைத்துவிட்டால் தீர்ந்தது. ரிசீவர் ஆன்டெனாவைப் பூமுக்கு ஒட்டிக் கொண்டுபோகாதீர்கள்.

அக்டோபர் 6

மோட்டார் நின்றால் இறக்க முடியுமா? ஆட்டோரொட்டேஷன் (மோட்டார் இல்லாமல், கீழிருந்து வரும் காற்றில் ரோட்டரைச் சுற்றவிட்டு இறக்குவது) பற்றித்தான் கேட்கிறீர்கள். சுற்றும் பிளேடில் சேர்ந்திருக்கும் ஆற்றலும் வேகத்தின் வர்க்கம்தான். 1,940-இல் 2,700-இல் இருந்ததில் பாதி. மூன்றாவது பிளேடு கொஞ்சம் ஈடுகட்டும். ஆனால் எடையும் கூடியிருக்கிறதே. நுனியில் எடை வைத்த கனமான பிளேடு மாட்டினால் நல்ல வித்தியாசம் தெரிகிறது, சுழற்சி சீக்கிரம் சாகவில்லை. ஹெட் பேரிங்குக்குச் சுமை கூடும், அதை அடிக்கடி பார்க்கணும். இடுப்பு உயரத்தில் ஹோவரிலிருந்து த்ராட்டில் ஹோல்ட் (மோட்டாரை நிறுத்தும் சுவிட்ச்) போட்டு இறக்கிப் பழகுங்கள், அதற்கு மேலே போக அவசரம் வேண்டாம்.

ஆட்டோரொட்டேஷன் என்றதும் லாமா ஹெலிகாப்டரை விட்டுவிட முடியாது. 1972 ஜூன் 21 அன்று ஜான் புலே என்ற பிரெஞ்சு விமானி எஸ்ஏ 315 லாமாவை 12,442 மீட்டருக்கு ஏற்றினார். உச்சியில் எஞ்சின் அணைந்துபோயிற்று, மறுபடி பற்றவில்லை. தரை வரை முழுக்க ஆட்டோரொட்டேஷனிலேயே இறக்கினார். அந்த லாமாதான் எச்ஏஎல் கட்டிய சீட்டா, சியாச்சினுக்குச் சாமான் கொண்டுபோகிற அதே ஹெலி. சேத்தக்கின் ரோட்டரும் எஞ்சினும், அலுவெட் 2-இன் கம்பிக்கூட்டு உடம்பும் சேர்ந்தது.

அதனால் மாடலிலும் அப்படியே செய்யலாம் என்று தோன்றுகிறது: இதே மெக்கானிக்ஸ், இதே ஹெட், உடம்பு மட்டும் வேறு. வாலில் ஓடே கிடையாது, கம்பிக்கூடு மட்டும். பக்கக்காற்று ஊடே போய்விடும். சக்கரத்துக்குப் பதில் ஸ்கிட். 2 மி.மீ. கார்பன் கம்பி வந்துவிட்டது. மூட்டுகளை நூல் சுற்றி எபாக்ஸியில் நனைக்கப் போகிறேன். பித்தளைக் குழாயை ஈயம் வைத்து ஒட்டினால் பார்க்க இன்னும் நன்றாக இருக்கும், ஆனால் மூக்கில் யார் மூன்று மடங்கு எடை வைப்பது? கூடு முடிந்ததும் தராசு எண்ணைப் போடுகிறேன். பூம் மேலே பெல்ட்டை எப்படி மறைப்பது என்று யாருக்காவது யோசனை இருந்தால் சொல்லுங்கள்.